கறுப்பின அறிவியல் மேதை எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்

அறிவு எந்த ஓர் இனத்தாருக்கும் தனியுடைமை அன்று. ஆயினும் அறிவைத் தேடுவதற்கு வேண்டிய இடமும் கருவியும் ஓய்வும் பொருளும் எல்லாருக்கும் ஒருபடித்தாகக் கிடைத்துவிடுவதில்லை. கல்லூரிக் கதவைத் திறப்பதற்கே தலைமுறை தலைமுறையாகப் போராடிய மக்கள், அக்கதவு திறந்த பின்னும் அதற்கு அப்பால் மற்றொரு கதவு அடைபட்டுக் கிடப்பதைக் காண்கின்றனர். அதுவே ஆராய்ச்சி என்னும் கதவு. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அந்த இரண்டாம் கதவின் முன் தம் வாழ்நாள் முழுவதும் நின்று போராடிய ஓர் அறிஞரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, உயிரணுவின் புறப்பரப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் எய்திய எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்பவரே அவ்வறிஞர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகரில், 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் ஜஸ்ட் பிறந்தார். அடிமை முறை ஒழிக்கப்பட்டு அப்பொழுது பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பொதுவிடங்களில் கறுப்பின மக்களுக்குச் சமவுரிமை அளிக்க 1875இல் இயற்றப்பட்ட சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்ததும் அதே 1883ஆம் ஆண்டில்தான். சட்டம் கொடுத்ததைச் சட்டமே பறித்துக்கொண்ட காலத்தில் இக்குழந்தை கண் விழித்தது.

தந்தையார் துறைமுகத்தில் படகுத்துறை கட்டும் தொழிலாளர். ஜஸ்டுக்கு நான்கு வயது நிரம்பிய அளவில் அவர் மறைந்தார். குடும்பப் பாரம் முழுவதும் அன்னை மேரியின் தலைமேல் விழுந்தது. அவ்வம்மையார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிந்ததோடு, வருவாய் போதாமையால் பாஸ்பேட் வெட்டியெடுக்கும் இடங்களிலும் உழைத்தார். தம் பிள்ளைகளை மட்டும் காத்துக்கொண்டு அவர் அமைந்துவிடவில்லை. சார்ல்ஸ்டனுக்கு அருகே கறுப்பின மக்கள் தமக்கென நிலம் வாங்கிக் குடியேற வழிகாட்டினார். அக்குடியிருப்பு அவர் பெயராலேயே மேரிவில் என வழங்கலாயிற்று. மகனுக்கு முதல் ஆசானும் அவரே.

சிறு வயதில் ஜஸ்ட் டைபாய்டு காய்ச்சலால் கடுமையாகத் தாக்குண்டார். பிழைத்தெழுந்தபோது, கற்றிருந்த எழுத்தையே மறந்திருந்தார். மீண்டும் முதலிலிருந்து படிக்கக் கற்க வேண்டியதாயிற்று. தாயார் பொறுமையோடு உடனிருந்து உதவினார். பதின்மூன்றாம் வயதில், ஆசிரியர் பயிற்சி பெறுவதற்காக ஆரஞ்ச்பர்க் நகரில் கறுப்பின மாணவர்க்கென அமைந்திருந்த கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். தென் மாநிலப் பள்ளிகளில் கிடைக்கும் கல்வி மகனுக்குப் போதாது என்று தெளிந்த அன்னை, பதினாறாம் வயதில் அவரை வடக்கே அனுப்பத் துணிந்தார்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள கிம்பால் யூனியன் அகாடமி என்னும் பள்ளியில் ஜஸ்ட் சேர்ந்தார். நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்து, 1903இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். இடையில், இரண்டாம் ஆண்டில் ஒருமுறை வீட்டிற்குத் திரும்பியவருக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. அவர் வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்னர்தான் அன்னையை அடக்கம் செய்திருந்தனர். தம்மை உருவாக்கிய தாயின் முகத்தை இறுதியாகக் காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை.

கல்லூரியில் கண்ட வழி

பின்னர் டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளையர் பெரும்பான்மையராய்ப் பயின்ற அக்கல்லூரியில் தனித்தவராய் இருந்தே படித்தார். உயிரியல் வகுப்பில் முட்டை கருவுறுவதையும் அது வளர்ந்து உயிராவதையும் பற்றிப் படித்தபோது அவர் உள்ளம் அதன்கண் முழுமையாக ஈடுபட்டது. ஒரேயோர் உயிரணுவிலிருந்து முழு உயிர் ஒன்று தோன்றுவது எங்ஙனம் என்னும் வினா அன்று அவரைப் பற்றிக்கொண்டது. இறுதி மூச்சு வரை அவரை விட்டு நீங்கவில்லை. 1907இல் விலங்கியலில் சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றார்.

அத்தகைய தேர்ச்சி பெற்ற வெள்ளை மாணவர் ஒருவர்க்கு அக்காலத்தில் பல வழிகள் திறந்திருக்கும். கறுப்பினப் பட்டதாரிக்கு இருந்தவை இரண்டே: கறுப்பினக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராதல், அல்லது சமயப் பணி ஏற்றல். வாஷிங்டன் நகரில், 1867இல் தோற்றுவிக்கப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஜஸ்ட் ஆசிரியராகச் சேர்ந்தார். விலங்கியல் பயின்றவருக்கு முதலில் கிடைத்த வேலை ஆங்கிலம் கற்பிப்பது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே உயிரியல் கற்பிக்கும் வாய்ப்பு வந்தது. 1912இல் விலங்கியல் துறைத் தலைவரானார். அதே ஆண்டில், அங்கு ஜெர்மன் மொழி கற்பித்துவந்த எத்தல் ஹைவார்டன் என்னும் மங்கையை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். மருத்துவக் கல்லூரியிலும் உடலியங்கியல் கற்பித்தார். கறுப்பின மருத்துவர்களை உருவாக்கும் பணியில் அவர் பங்கு பெரிது.

உட்ஸ் ஹோல் கடற்கரையில்

மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1888இல் நிறுவப்பட்ட கடல்வாழ் உயிரியல் ஆய்வுக்கூடத்திற்கு, கோடை விடுமுறையில் அமெரிக்க உயிரியலாளர் பலரும் வந்து கூடுவர். 1909ஆம் ஆண்டுக் கோடையில் ஜஸ்ட் அங்கு முதன்முறையாகச் சென்றார். ஆய்வுக்கூடத்தின் இயக்குநரும் சிகாகோ பல்கலைக்கழக விலங்கியல் துறைத் தலைவருமான பிராங்க் லில்லி அவர் திறமையைக் கண்டுணர்ந்து, தமக்கு ஆராய்ச்சி உதவியாளராக அமர்த்திக்கொண்டார். அன்று தொடங்கிய அந்த உறவு ஜஸ்டின் மறைவு வரை நீடித்தது.

கோடைக்காலத்தில், இருள் கவிந்த பின், நீரிஸ் என்னும் கடற்புழுக்கள் இனப்பெருக்கத்திற்காக நீரின் மேற்பரப்பில் நீந்தி வரும். விளக்கும் வலையும் ஏந்தி அவற்றைப் பிடித்து, முட்டைகளைத் தூய கண்ணாடிக் கலத்தில் இட்டு, நுண்ணோக்கியின் முன் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். ஜஸ்ட் இவ்வேலையைப் பல கோடைகள் செய்தார். விந்தணு முட்டையின் எந்த இடத்தில் நுழைகிறதோ அந்த இடத்தைப் பொறுத்தே முட்டை முதன்முதலாகப் பிளவுறும் தளம் அமைகிறது என்பதை நீரிஸ் முட்டையில் காட்டினார். 1912இல் வெளிவந்த அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இதுவே.

1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தான் புதிதாக ஏற்படுத்திய ஸ்பிங்கார்ன் பதக்கத்தை முதன்முதலாக ஜஸ்டுக்கு வழங்கியது. நியூயார்க்கில் நடைபெற்ற அவ்விழாவில் அம்மாநில ஆளுநரே அதை அவர்க்கு அளித்தார். அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அதே நியூயார்க் நகரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், டாக்டர் அம்பேத்கர் மாணவராகப் பயின்றுகொண்டிருந்த காலமும் அதுவே. துறைகள் வேறு, நாடுகள் வேறு. எனினும் ஒடுக்கப்பட்ட மக்களின் இரு பெரும் அறிவாளர்கள் ஒரே காலத்தில் தம் வழியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தனர்.

1916இல் சிகாகோ பல்கலைக்கழகம் ஜஸ்டுக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டம் பெறுமுன்னரே அவர் கட்டுரைகள் ஆராய்ச்சி இதழ்களில் வெளிவந்திருந்தன. இனித் தடையேதும் இல்லை என்று எவரும் கருதுவர். உண்மையில் தடைகள் தொடங்கியது அதற்குப் பின்னர்தான்.

பட்டத்திற்குப் பின் வந்த போராட்டம்

உயிரணு ஆராய்ச்சி போன்ற துறைகளில் டாக்டர் பட்டம் முடிவன்று, தொடக்கமே. பட்டம் பெற்றவர் சில ஆண்டுகள் தேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றில், உதவித்தொகை பெற்று, கற்பிக்கும் சுமையின்றி ஆராய வேண்டும். அவ்வாண்டுகளில் வெளியிடும் கட்டுரைகளைக் கொண்டே நிலையான பதவி கிடைக்கும். அமெரிக்காவில் 1919 முதல் தேசிய ஆராய்ச்சிக் குழு இத்தகைய உதவித்தொகைகளை ஏற்படுத்தி, இளம் விஞ்ஞானிகள் பலரைப் பெரும் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்றிவிட்டது.

ஜஸ்டுக்கும் 1920இல் அக்குழுவின் வாயிலாக உதவி கிடைத்தது. கொடையாளர் ஜூலியஸ் ரோசன்வால்ட் அளித்த பொருளால் ஆண்டில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கென ஒதுக்க முடிந்தது. ஏனையோர்க்கு அவ்வுதவி ஓர் ஏணி. ஜஸ்டுக்கோ அது ஏறி முடியாத படிக்கட்டு. எந்த வெள்ளையர் பல்கலைக்கழகமும் அவருக்குப் பதவி தரவில்லை. ஆகவே உதவித்தொகைக் காலம் முடியும்தோறும் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் பரிந்துரைக் கடிதம், மீண்டும் காத்திருப்பு என்றே ஆண்டுகள் கழிந்தன. பொருள் கொடுத்தோர் சிலர், கறுப்பின மாணவர்க்கு அவர் கற்பிக்க வேண்டும் என்றும், மருத்துவர்களை உருவாக்க வேண்டும் என்றும் விரும்பினரே அன்றி, தூய ஆராய்ச்சி அவர் இனத்தார்க்கு இன்றியமையாதது என்று எண்ணவில்லை. ஹோவர்டிலோ வகுப்புகள் மிகுதி, கருவிகள் குறைவு. கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் இடையே அவர் இழுபட்டார். பல்கலைக்கழக நிர்வாகத்தோடு பூசலும் ஏற்பட்டது.

இத்தனைக்கும் இடையில் அவர் உழைப்பு குன்றவில்லை. கடல்வாழ் உயிரிகளின் முட்டைகளைக் கையாள்வதில் உட்ஸ் ஹோலில் அவருக்கு நிகரானோர் அரியர். கலத்தில் ஒட்டிய சிறு அழுக்கும், நீரின் வெப்பத்தில் நேரும் சிறு மாற்றமும், உயிரினத்தைப் பிடிக்கும்போது காட்டும் கவனக் குறைவும் சோதனை முடிவையே மாற்றிவிடும் என்று அவர் வற்புறுத்தினார். சோதனை தவறிய இளம் ஆராய்ச்சியாளர்கள் அவரிடம் வந்து வழி கேட்பர்.

கடல் முள்ளெலி இனத்தைச் சேர்ந்த தட்டையான உயிரி ஒன்றின் முட்டையில் அவர் ஒரு நுட்பத்தைக் கண்டார். விந்தணு ஒன்று நுழைந்ததும், நுழைந்த இடத்திலிருந்து ஒரு மாற்றம் அலைபோல் முட்டையின் பரப்பெங்கும் பரவுகிறது. முட்டையைச் சூழ்ந்து உறை எழும்புவதற்கு முன்னரே அது மற்ற விந்தணுக்களை ஏற்க மறுத்துவிடுகிறது. கருவுறுதலில் முட்டை வெறுமனே ஏற்றுக்கொள்ளும் பொருளன்று; அதன் புறப்பரப்பு தானே செயற்படுகிறது என்பது இதன் வழி தெளிவாயிற்று. கடல் முள்ளெலி முட்டையின் புறச் சவ்வில் நிகழும் மின்னழுத்த மாற்றமே பிற விந்தணுக்களை விரைந்து தடுக்கிறது என்பது 1976இல் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது. கண்ணும் நுண்ணோக்கியும் மட்டுமே கொண்டு ஜஸ்ட் கண்டதன் அருமை அப்போது மேலும் விளங்கிற்று.

அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜாக்ஸ் லோப் என்பவர், வேதிப்பொருள்களால் முட்டையைத் தூண்டி வளரச் செய்து காட்டியவர். அவர் கொள்கையின் சில பகுதிகள் சோதனைக்கு ஒத்துவரவில்லை என்று ஜஸ்ட் அஞ்சாது எழுதினார். வலிமை மிக்க ஒருவரை மறுத்ததால் அவருக்கு இழப்பு நேர்ந்தது. எனினும் தாம் கண்ட உண்மையை அவர் மறைக்கவில்லை. 1930இல் அமெரிக்க விலங்கியலார் சங்கம் அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

ஐரோப்பாவில் கிடைத்த மதிப்பு

1929இல் ஜஸ்ட் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உள்ள விலங்கியல் ஆய்வு நிலையத்திற்குச் சென்றார். அடுத்த ஆண்டு பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனம் அவரை விருந்தின ஆராய்ச்சியாளராக வரவேற்றது. அங்கெல்லாம் அவரை அறிவியல் அறிஞர் என்றே மதித்தனர், உடன் அமர்ந்து உண்டனர், உரையாடினர். 1930ஆம் ஆண்டுக் கோடையில் உட்ஸ் ஹோலுக்குத் திரும்பியபோது, இருபது ஆண்டுகளாக அங்கு பெறாத தோழமையை ஐரோப்பாவில் சில திங்களிலேயே பெற்றதாக நண்பர்களிடையே வெளிப்படையாகக் கூறினார். அதன் பின் அவர் அவ்வூர்ப் பக்கம் செல்லவேயில்லை.

ஆனால் ஐரோப்பாவிலும் அமைதி நிலைக்கவில்லை. 1933இல் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். இனவெறியிலிருந்து தப்பி வந்தவர், அதனினும் கொடிய இனவெறியைக் கண்ணெதிரே கண்டார். அதன்பின் பிரான்சு நாட்டைத் தம் ஆராய்ச்சிக்கு இடமாகக் கொண்டார். பாரிசு நகரிலும், ரோஸ்காஃப் கடற்கரை ஆய்வு நிலையத்திலும் பணிபுரிந்தார். வறுமை அவரைத் தொடர்ந்தது. இல்லற வாழ்விலும் பிரிவு நேர்ந்தது. பெர்லினில் அறிமுகமான ஹெட்விக் என்னும் அம்மையாரை 1939இல் மணந்தார்.

அவ்வாண்டிலேயே அவருடைய நூல்கள் இரண்டு வெளிவந்தன. ஒன்று உயிரணுவின் புறப்பரப்பைப் பற்றியது. மற்றொன்று கடல்வாழ் விலங்குகளின் முட்டைகளைக் கொண்டு சோதனை செய்யும் முறைகளைப் பற்றியது. உட்கரு ஒன்றே உயிரணுவை ஆள்கிறது என்று பலர் கருதிய காலத்தில், உட்கருவும் சைட்டோபிளாசமும் புறப்பரப்பும் ஒன்றோடொன்று இயைந்து இயங்குவதே உயிர் என அவர் எடுத்துரைத்தார். மரபணுக்களைப் பற்றி அவர் கூறியன எல்லாம் பின்னர் நிலைபெறவில்லை. ஆயினும் உயிரணுவின் புறப்பரப்பு உயிர்ச் செயல்களின் களம் என்னும் அவருடைய அடிப்படைக் கருத்து, இன்றைய உயிரணுவியலில் உறுதியான இடம் பெற்றுள்ளது.

1940இல் ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் புகுந்தது. அயல்நாட்டவரான ஜஸ்ட் சிறிது காலம் காவல் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலை பெற்று, கருவுற்றிருந்த மனைவியோடு அவ்வாண்டிலேயே அமெரிக்கா திரும்பினார். அப்பொழுதே உடல்நலம் குன்றியிருந்தது. கணையப் புற்றுநோயால் 1941ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள், தம் 58ஆம் வயதில் வாஷிங்டனில் காலமானார்.

அவர் வாழ்வில் ஒரு குறை

பெரியோர் வரலாற்றை எழுதுங்கால் குறைகளை மறைத்தல் தகாது. ஜஸ்டின் மாணவியருள் ரோஜர் ஆர்லினர் யங் என்பவர் சிறந்தவர். நீரில் வாழும் நுண்ணுயிரி ஒன்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1924இல் புகழ்பெற்ற இதழில் வெளிவந்தது. உட்ஸ் ஹோலில் ஜஸ்டுடன் ஆராய்ந்தார். அவர் வெளிநாடு சென்றபோது துறையின் பாரத்தையும் சுமந்தார். பின்னர் இருவரிடையே கசப்பு மூண்டது. 1936இல் யங் ஹோவர்டில் தம் பதவியை இழந்தார். கதவு திறக்காத கொடுமையை உணர்ந்த ஆசிரியர், தம் மாணவிக்குக் கதவைத் திறந்து வைக்கத் தவறினார். எனினும் அவ்வம்மையார் தளரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1940இல் டாக்டர் பட்டம் பெற்றார். விலங்கியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

மறைவுக்குப் பின்

ஜஸ்ட் மறைந்த அடுத்த ஆண்டு, அவர் ஆசான் லில்லி அறிவியல் இதழில் இரங்கலுரை எழுதினார். இத்தகைய ஆற்றல் மிக்கவரின் ஆராய்ச்சி வாழ்வை நிறவேற்றுமை எவ்வாறு குறுக்கியது என்பதை அவரே வருத்தத்தோடு பதிவு செய்தார். பின்னர் நெடுங்காலம் ஜஸ்டின் பெயர் மறக்கப்பட்டே கிடந்தது. 1983இல் கென்னத் மேனிங் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு வெளிவந்து அவரை மீண்டும் உலகறியச் செய்தது. அமெரிக்க உயிரணுவியல் சங்கம் 1994 முதல் அவர் பெயரால் சொற்பொழிவு ஒன்றை ஏற்படுத்தியது. 1996இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. உயிரோடிருந்தபோது ஒரு நிலையான ஆய்வு மேசையைத் தராத நாடு, இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அஞ்சல்தலை தந்தது.

நாம் கொள்ள வேண்டியது

இளைஞர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஜஸ்டின் உழைப்பில் குறையில்லை, அறிவில் குறையில்லை, பட்டத்திலும் குறையில்லை. அவருக்கு வாய்க்காதது பட்டத்திற்குப் பின் கால் ஊன்றி நிற்பதற்கு ஓர் இடம். ஐம்பதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படைத்த பேரறிஞர், அடுத்த ஆண்டு உதவித்தொகை வருமோ வாராதோ என்று எண்ணி எண்ணித் தம் ஆற்றலில் பெரும்பகுதியைச் செலவிட நேர்ந்தது.

ஆராய்ச்சித் துறையை நாடும் நம் பிள்ளைகள் இதை முன்கூட்டியே உணர வேண்டும். எந்த ஆய்வுக்கூடத்தில் சேர்வது, வழிகாட்டுபவர் எத்தகையவர், அவரிடம் பயின்ற முன்னோர் இன்று எங்கே இருக்கின்றனர், உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உண்டு, தம் பெயரால் கட்டுரை வெளியிட உரிமை உண்டா என்பனவற்றைக் கேட்டறிந்து சேர்தல் வேண்டும். ஒருவரையே முற்றிலும் நம்பியிராமல், பரிந்துரைக்கத்தக்க பெரியோர் பலரோடு பழகுதல் வேண்டும். திறமை ஒன்றே தானாக வழி திறக்கும் என்று வாளா இருத்தல் ஆகாது.

பெரியோர்க்கும் ஒரு கடமை உண்டு. மகன் பட்டம் பெற்றதும் உடனே சம்பாதிக்க வேண்டும் என்று நெருக்குவது நம் வறுமையின் விளைவு. அதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நூற்றில் ஒரு பிள்ளையேனும், முப்பது வயது வரை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் துணிவைப் பெறுமாறு சமுதாயம் தோள் கொடுத்தல் வேண்டும். கல்லூரிக் கட்டணத்தோடு நம் உதவி நின்றுவிடலாகாது. கற்று மேலேறியவர் தம் பின் வருவோர்க்குக் கதவைத் திறந்து பிடித்தல் வேண்டும். ரோஜர் யங்கின் வாழ்வு அதை நமக்கு நினைவூட்டட்டும்.

பாஸ்பேட் மண்ணில் உழைத்த ஒரு தாய், காய்ச்சலில் எழுத்தை மறந்த மகனுக்கு மறுபடியும் எழுத்தைக் கற்பித்தார். அத்தாய் தந்த உறுதி அவரை உயிரணுவின் நுண்மை வரை கொண்டு சென்றது. நம் இல்லங்களிலும் அத்தகைய தாய்மார் பலர் உளர். அவர்தம் பிள்ளைகள் இரண்டாம் கதவின் முன்னும் தயங்கி நில்லாது உள்ளே செல்லும் நாளை உருவாக்குவது நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாக அமைக!